புதுக் கம்ப்யூட்டர் பாதியில் நின்றால் என்ன செய்வது?

பொங்கலுக்கு முந்தைய வாரம் மளிகைக் கடை எப்படி இருக்கும் என்பதை வணிக அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெல்லம், பச்சரிசி, முந்திரி என்று ஒரு பக்கம் சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும். சில்லறைக் கடைக்காரர்கள் சிட்டையை நீட்டிக்கொண்டு மறுபக்கம் நிற்பார்கள். 2024 ஜனவரியில் சரியாக அந்த வாரத்தில்தான் எங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. பத்து ஆண்டு உழைத்த பெட்டி. ஒரு மாதமாகவே அவ்வப்போது தானாக அணைந்துகொண்டிருந்தது. ‘பொங்கல் கழியட்டும்’ என்று தள்ளிப்போட்டது என் தவறு.

வழக்கமாக வரும் தம்பியிடம் சொல்லி, பாகங்கள் வாங்கிப் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்தோம். இன்டெல் ஐ3 பன்னிரண்டாம் தலைமுறை, 8 ஜி.பி. ராம் இரண்டு, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பில் போடுவதற்கும் டாலிக்கும் இதுவே தாராளம். 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டி வந்தது. பென் டிரைவைச் செருகி விண்டோஸ் ஏற்ற ஆரம்பித்தார். 62 சதவீதத்தில் நின்றது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு அணைத்து மறுபடியும் ஏற்றினார். 18 சதவீதத்தில் நின்றது. மூன்றாம் முறை சதவீதக் கணக்கே வரவில்லை, விண்டோஸ் சின்னத்தோடு திரை உறைந்துவிட்டது. “பென் டிரைவ் சரியில்லை அண்ணாச்சி, நாளைக்கு வேறு கொண்டுவருகிறேன்” என்று கிளம்பிவிட்டார். மறுநாள் வேறு பென் டிரைவ். அதுவும் நின்றது. “அப்படியானால் எஸ்.எஸ்.டி.தான் கோளாறு” என்றார். செவ்வாய்க்கிழமை வேறு எஸ்.எஸ்.டி. வந்தது. அப்போதும் நின்றது.

இதற்குள் கடையில் கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தோம். அதுகூடப் பரவாயில்லை. டிசம்பர் மாத விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 போடக் கடைசி நாள் 11ஆம் தேதி. டிசம்பர் கணக்கு முழுவதும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. அதைக் கழற்றி ஆடிட்டர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அந்தப் பதற்றத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

செவ்வாய் இரவு அந்தத் தம்பி ஒரு யோசனை சொன்னார். “உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் மாட்டி, அதில் விண்டோஸ் ஏறுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம்.” கையில் திருப்புளியை எடுத்துவிட்டார். பழைய டிஸ்க்கில் புதிதாக விண்டோஸ் போடுவதென்றால் என்ன அர்த்தம்? அதில் இருப்பதை அழித்துவிட்டுப் போடுவது. ஆறு வருடக் கணக்கு! வேண்டாம் தம்பி என்று டிஸ்க்கை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகுதான் இன்ஜினீயரிங் படிக்கும் என் தங்கை மகனுக்குப் போன் செய்தேன். அவன் கேட்ட முதல் கேள்வி இது: “மாமா, ஒவ்வொரு தடவையும் எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வைத்தீர்களா?”

கடையில் ஒரு மூட்டை குறைந்தால்கூட எந்தத் தேதியில், எந்த வண்டியில் என்று புரட்டிப் பார்க்கிறோம். மூன்று நாளாக ஒரு இயந்திரம் நின்று நின்று போகிறது, ஒரு வரி குறிக்கவில்லை. நல்லவேளை, முதல் நாள் சதவீதம் நினைவில் இருந்தது. 62, 18, பிறகு சின்னத்திலேயே. “அப்படியானால் பென் டிரைவும் இல்லை, எஸ்.எஸ்.டி.யும் இல்லை. ராமைப் பாருங்கள்” என்றான்.

நின்ற இடமே துப்பு

அவன் அன்று சொன்னதையும், அதற்குப் பிறகு நான் இரண்டு மூன்று கடைகளுக்குப் போய்ப் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நம் உறுப்பினர்களில் பலர் இப்போது கம்ப்யூட்டர் மாற்றும் நிலையில் இருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடையை விட்டு இறங்குகின்றன.

விண்டோஸ் ஏற்றுவது என்பது புதுப் பெட்டிக்கு வைக்கப்படும் முதல் பரீட்சை. பென் டிரைவிலிருந்து பல ஆயிரம் ஃபைல்கள் ராமுக்கு வந்து, அங்கே சுருக்கம் பிரிக்கப்பட்டு, எஸ்.எஸ்.டி.யில் எழுதப்படுகின்றன. பிராசஸர் சூடாகிறது, மின்சாரம் கூடுதலாக இழுக்கப்படுகிறது. எந்தப் பாகம் நொண்டியாக இருந்தாலும் இந்த அரை மணி நேரத்தில் அகப்பட்டுக்கொள்ளும். ஆகவே நின்றுபோனதும் ‘விண்டோஸ் கோளாறு’ என்று சொல்லித் திரும்பத் திரும்ப அதையே ஏற்றிக்கொண்டிருப்பது, தராசு தட்டு சாய்கிறது என்பதற்காகச் சரக்கை மாற்றி மாற்றி நிறுப்பது போலத்தான்.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா, மெதுவாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி. உள்ள பெட்டியில் அரை மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கானால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒரே சதவீதத்தில் பத்து நிமிடம் நிற்பதும் உண்டு. கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, பொறுத்திருக்கலாம். விளக்கும் மாறவில்லை, மவுஸும் அசையவில்லை என்றால்தான் அது ‘ஹேங்’. அப்போது பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதுதான்.

அணைப்பதற்கு முன் ஒரு தாளில் மணி, சதவீதம், திரையில் இருந்த வாசகம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்தாலும் போதும். மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் பென் டிரைவின் மேல் போக வேண்டும், அதற்கடுத்து எஸ்.எஸ்.டி., அல்லது பயாஸ் அமைப்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ராம், சூடு, மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று. எல்லாச் சமயத்திலும் இது பொய்க்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பத்தில் எட்டுக்கு இந்தக் கணக்கு சரியாக வருகிறது என்பது என் அனுபவம்.

வேடிக்கை என்னவென்றால், 1995 ஆகஸ்ட் 24இல் வெளிவந்த விண்டோஸ் 95 இந்தக் குறிப்பைத் தானே எழுதிக்கொள்ளும். பாகங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் அது உறைந்துபோனால், அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்வார்கள். எந்தப் பாகத்தைத் தொட்டபோது நின்றது என்று ஒரு ஃபைலில் பதிந்து வைத்திருக்கும். அடுத்த முறை அந்தப் பாகத்தைத் தாண்டிப் போய்விடும். இப்போதைய விண்டோஸ் அப்படியல்ல. காப்பி ஆகும் கட்டத்தில் நின்றால் மீண்டும் முதலிலிருந்துதான். குறித்து வைக்கும் வேலை நம் தலையில்.

பெட்டியைத் திறந்தால்

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டு, உடம்பில் உள்ள மின்னூட்டத்தை இறக்கிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். விண்டோஸ் ஏற்றத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், மின்தராசு கேபிள், நெட் கேபிள், இரண்டாவது டிஸ்க் எதுவும் வேண்டாம். ஒரு ராம், ஒரு எஸ்.எஸ்.டி., கீபோர்டு, மவுஸ், மானிட்டர், பென் டிரைவ் மட்டும் இருக்கட்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. பாகம் விற்ற கடையில் எதைத் திருப்பிக் கொடுப்பது?

ராமைக் கழற்றி, இரு பக்கமும் ‘கிளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தி மாட்ட வேண்டும். பாதி உட்கார்ந்த ராம் கம்ப்யூட்டரைத் துவங்கவிட்டுப் பாதியில் காலை வாரும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டானால் இரண்டு ராம்களைப் பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுவதே பெரும்பாலான போர்டுகளில் முறை. போர்டோடு வரும் சிறு புத்தகத்தில் படம் இருக்கும். பழைய பெட்டியின் ராமைச் சிக்கனம் கருதிப் புதியதோடு சேர்ப்பது வீண் வம்பு. எங்கள் கடையில் புதன்கிழமை இரவு செய்தது இவ்வளவுதான்: இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றினோம். விண்டோஸ் தடையில்லாமல் ஏறியது. கழற்றியதைத் தனியாகப் போட்டுப் பார்த்தோம், சின்னத்திலேயே நின்றது. புது ராம், உறை பிரித்த ராம். புதியதெல்லாம் நல்லது என்ற நினைப்பு நமக்கு ஏனோ வந்துவிடுகிறது; சரக்கு விஷயத்தில் அப்படி நினைப்போமா?

நேரம் இருப்பவர்கள் மெம்டெஸ்ட்86 என்ற இலவச சாஃப்ட்வேரைத் தனி பென் டிரைவில் போட்டு இரவு முழுதும் ஓடவிடலாம். அது ராமை மட்டும் சோதிக்கும். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் அந்த ராமை ஏற்றுக்கொள்ளாதீர்கள். விண்டோஸ் எப்படியோ ஏறிவிட்டாலும், நாளை டாலியில் பதியும் ஒரு தொகையில் அந்தப் பிழை விழலாம்.

டி.டி.ஆர்.5 வகை ராம் போட்ட பெட்டி முதல் முறை துவங்கும்போது சில நிமிடம் கருந்திரையாகவே இருக்கும். ராமைப் பழக்கப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். அது ஹேங் அல்ல. அவசரப்பட்டு அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அடுத்தது சூடு. பயாஸ் திரைக்குள் போனால் பிராசஸரின் வெப்பநிலை தெரியும். நம் ஊர் வெக்கையிலும் அந்தத் திரையில் சும்மா இருக்கும்போது 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 80, 90 என்று ஏறினால் விசிறி சரியாக உட்காரவில்லை. இன்டெல் பெட்டியோடு வரும் விசிறிக்கு நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஆணிகள். மூன்று இறங்கி ஒன்று இறங்காமல் விடுவது சகஜம். தனியாக வாங்கிய கூலரானால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டவர்களும் உண்டு. உறவினர் கடை ஒன்றில் நானே பார்த்தேன்.

மின்சாரத்தைப் பற்றி மளிகைக் கடைக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஐஸ்கிரீம், பால் வைக்கும் டீப் ஃபிரீசர் நம் கடையில் ஓடுகிறது. அதன் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அதே லைனில் உள்ள பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பில் கவுன்டர் பிளக்கும் அதே லைனில் இருந்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மட்டரகமாக இருந்தால், அந்த நொடியில் கம்ப்யூட்டர் உறையவோ தானாக அணைந்து துவங்கவோ செய்யும். பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ‘500 வாட்’ என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். மொத்தப் பெட்டியில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அதுதான். எர்த் சரியில்லாத பழைய கட்டிடமானால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கவுன்டருக்குத் தனி லைன் இழுத்துவிடுங்கள்.

பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று ஒன்று இருக்கும். ராமை உச்ச வேகத்தில் ஓட்டும் அமைப்பு. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது வேண்டும், பில் போட வேண்டியதில்லை. அதை அணைத்து, பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஏற்றிப் பாருங்கள். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் புதிய பயாஸ் இருந்தால் அதையும் போடச் சொல்லலாம். போர்டு தயாரான பிறகு சந்தைக்கு வந்த பிராசஸரானால் இது கட்டாயம். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை உயர்ரக பிராசஸர்கள் சில அதிக வோல்டேஜால் நிலைகுலைந்து நின்றுபோவதை அந்நிறுவனமே 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சில்லுக்குத் திருத்தம் உதவாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

பென் டிரைவுக்கு வருவோம். ‘எல்லா சாஃப்ட்வேரும் சேர்த்து’ வெட்டி ஒட்டிய திருட்டு விண்டோஸ் பல ஊர்களில் சுற்றுகிறது. அது நடுவில் நின்றால் ஏன் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏறிவிட்டால் உள்ளே என்ன ஏறியது என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியில் நம் பேங்க் பாஸ்வேர்டையும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டையும் அடிக்கப் போகிறோம். மைக்ரோசாஃப்ட் இணையதளத்திலிருந்து விண்டோஸ் 11ஐ இறக்கி 8 ஜி.பி. பென் டிரைவில் போட்டுக்கொள்ளக் காசு கிடையாது. உரிமச் சாவிக்குத்தான் காசு. பென் டிரைவை முன்பக்க ஓட்டையில் செருகாமல், பெட்டியின் பின்பக்கம் போர்டிலேயே உள்ள ஓட்டையில் செருகுவது நல்லது.

முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடியும் ‘எந்த மொழி?’ என்று ஆரம்பத்துக்கே வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பெட்டி மீண்டும் பென் டிரைவிலிருந்தே துவங்குகிறது. அதைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். டிஸ்க் பட்டியலே காலியாகத் தெரிந்தால், இன்டெல் பெட்டிகளில் பயாஸில் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பில்லும் பழைய டிஸ்க்கும்

‘புதுக் கம்ப்யூட்டர், பாதி விலை’ என்று வருவதில் போர்டு மட்டும் புதிதாக இருக்கும். உள்ளே பிராசஸர் பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழையது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது ஏ.எம்.டி. ரைசன் 2000 வரிசைக்கு மேல் வேண்டும், டி.பி.எம். 2.0 வேண்டும். இல்லாத பெட்டியில் குறுக்குவழியாக ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நின்றுபோனால் பொறுப்பேற்பவர் யாரும் இல்லை.

பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று நினைப்பதும் நமக்கே நஷ்டம். 18 சதவீத ஜி.எஸ்.டி.யை, நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இருந்தால், சாதாரணப் பதிவில் உள்ளவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது. ஆனால் உத்தரவாதத்துக்கு எல்லோருக்குமே பில் வேண்டும். ராம், எஸ்.எஸ்.டி., போர்டு, எஸ்.எம்.பி.எஸ். ஒவ்வொன்றின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்கட்டும். எங்களுக்கு அந்த ராம் இரண்டே நாளில் மாறி வந்தது பில் கையில் இருந்ததால்தான். விண்டோஸ் ஏறி, பில் பிரிண்டரும் தராசும் வேலை செய்து, ஒரு முழு நாள் ஓடிய பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பழைய டிஸ்க்கை, புதுப் பெட்டியில் டாலி திறந்து கடைசி பில்வரை கண்ணால் பார்க்கும்வரை யார் கையிலும் கொடுக்காதீர்கள். விண்டோஸ் ஏற்றும் நேரத்தில் அது பெட்டிக்குள் இருக்கவே கூடாது. பட்டியலில் தவறான டிஸ்க்கைத் தொட்டால் ஒரே அழுத்தில் எல்லாம் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கேட்கும்போது ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

கம்ப்யூட்டர் இல்லாத நாட்களுக்கென்று அச்சடித்த பில் புத்தகம் ஒன்று கடையில் இருக்கட்டும். அதற்குத் தனி வரிசை எண் கொடுத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது; எண் விடுபடாமல் தொடர்ச்சியாக வந்தால் சரி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய மொத்த வியாபாரிகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பதால், பதிவு பெற்ற வியாபாரிகளுக்குக் கையால் எழுதிய பில் மட்டும் போதாது. அவர்கள் இன்னொரு கம்ப்யூட்டரையோ ஆடிட்டரையோ முன்பே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

எங்கள் பெட்டியில் புதன் இரவு பத்து மணிக்கு மேல் விண்டோஸ் ஏறி முடிந்தது. பழைய டிஸ்க்கை வெளிப் பெட்டியில் போட்டு, யூ.எஸ்.பி. வழியாகக் கணக்கை மட்டும் எடுத்தோம். வியாழன் மாலை ஜி.எஸ்.டி.ஆர்.-1 போய்ச் சேர்ந்தது. கையால் எழுதிய நான்கு நாள் பில்களை டாலியில் ஏற்றி முடிப்பதற்குள் மாட்டுப் பொங்கலும் கழிந்துவிட்டது.